மற்றும் ஒருவர்

நெய்வேலி டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கைத் தாண்டிப் போனால் சாலைக்குக் கிழக்கே பூவனேரி, மேற்கே காரைமேடு. இரண்டும் மாற்றுக் குடியிருப்புகள். அசல் பூவனேரியும் அசல் காரைமேடும் சுரங்கத்துக்குள் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஊரைக் காலி செய்யச் சொன்னபோது சனங்கள் சட்டிபானையோடு ஊர்ப்பெயரையும் தூக்கிக்கொண்டு வந்து இங்கே இறக்கி வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ் நிறுத்தம். நிறுத்தம் என்றால் ஒரு கம்பம். அதிலிருந்த பலகையை ஒரு புயல் கொண்டுபோய்விட்டதால் கம்பமும் அதன் நிழலும் மட்டும் பாக்கி. அந்த நிழலில் ஒல்லியான ஒருவர் பக்கவாட்டில் நிற்கலாம்.

இந்த இடத்தில் ஒரு நிழற்குடை கட்டலாம் என்று எங்கிருந்தோ அனுமதி வந்தபோதுதான் இளவழகனுக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. அதுவரைக்கும் அவன் நல்ல மனிதன்.

இளவழகன் பூவனேரிக்காரன். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. அவன் மனைவி சத்யா. சத்யாவின் அக்கா மணிமொழியைக் காரைமேட்டு சிவக்குமாருக்குக் கொடுத்திருந்தார்கள். சிவக்குமாரும் கான்ட்ராக்ட்தான். சகலைகள் இருவருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே நிறச் சட்டை, பர்மனென்ட் ஆகிவிடும் என்ற ஒரே கனவு, ஆகாது என்ற ஒரே அறிவு. இரண்டு பேருடைய தாத்தாக்களும் பிறத்தியார் நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள். ஊர் போனபோது நிலம் வைத்திருந்தவர்களுக்கு நிலம் போயிற்று. இவர்களுக்கு அடுத்த வேளைச் சோற்றுக்கான வேலை போயிற்று. ஒருவரைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட ஒன்றுமே இல்லாததால் சகலைகள் பிரியமாக இருந்தார்கள். அக்காளும் தங்கையும் பண்ருட்டியில் ஒரே முந்திரிக் கம்பெனிக்குப் போய்வந்தார்கள். காலையில் பஸ் வரும்வரை கம்பத்து நிழலை மாறி மாறிப் பங்குபோட்டுக்கொண்டு நின்றார்கள்.

நிழற்குடை ஒன்றுதான்; சாலைக்கு இரண்டு பக்கம். அளக்க வந்த என்ஜினீயர் டேப்பை விரித்த உடனே கிழக்கிலிருந்து ஒரு கூட்டமும் மேற்கிலிருந்து ஒரு கூட்டமும் வந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இழுத்தன. அவர் டேப்பை அங்கேயே விட்டுவிட்டார்.

"கம்பி நடுறது என் வேலைங்க. எந்தப் பக்கம் நடுறதுன்றது ஊர்ப் பிரச்சினை. ஊர்ப் பிரச்சினைன்னா அது வரலாறு. வரலாறுன்னா மன்றம்" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

மன்றம் என்றால் நகரிய வரலாற்று மன்றம். ரிட்டயர் ஆன அதிகாரிகள் சிலர், ஓய்வைத் தாங்க முடியாமல் தொடங்கியது. வருவது வரட்டும் என்று எல்லா உள்ளூர் வழக்குகளையும் வரலாற்றைக் கொண்டு தீர்ப்பது அவர்கள் வழக்கம். தெருநாய்த் தொல்லை பற்றி ஒரு பிளாக்கிலிருந்து புகார் போனபோது, நாய்கள் நகரியத்துக்கு முன்பிருந்தே இந்த மண்ணில் வசித்தவை என்று மன்றம் ஆராய்ந்து சொன்னது. நாய்பிடி வண்டி திரும்பிப் போயிற்று. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று இன்னொரு பிளாக்கிலிருந்து வந்தவர்களிடம், ஒரு காலத்தில் இங்கே துளை போட்டால் தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்ததை எடுத்துச் சொல்லி, அவர்களைப் பெருமைப்படுத்தி, காலிக் குடத்தோடு அனுப்பி வைத்தார்கள்.

மன்றத்தின் தலைவர் ராஜ்மோகன். செயலாளர் கலைச்செல்வன். நிழற்குடை வழக்குக்காக இரண்டு ஊர்க்காரர்களையும் ஏ.சி. போட்ட கூடத்தில் உட்கார வைத்தார்கள். மன்றத்தின் வழக்கப்படி, சுரங்கத்தில் மறைந்த ஊர்களுக்காக முதலில் ஒரு நிமிட மௌனம். மறைந்த ஊர்க்காரர்களும் எழுந்து நின்று தங்களுக்காக மௌனம் காத்தார்கள். குளிர் நன்றாக இருந்ததால் யாருக்கும் உட்கார அவசரம் இல்லை.

பிறகு ராஜ்மோகன் பேசினார்.

"நண்பர்களே! நிழற்குடையை எங்கே வைப்பது என்பது இன்றைய கேள்வி போலத் தோன்றும். ஏமாறாதீர்கள். இது நேற்றைய கேள்வி. நேற்றைத் தீர்க்காமல் இன்றைக்குள் நுழைவது, செருப்போடு கோயிலுக்குள் நுழைவதற்குச் சமம். எந்த ஊருக்கு அதிக வரலாறு இருக்கிறதோ, அந்த ஊருக்கே நிழல். நான் கோயம்புத்தூர்க்காரன். எனக்கு இந்த மண்ணில் தாத்தாவும் கிடையாது, பாட்டியும் கிடையாது. அதனால்தான் இந்த மண்ணின் வரலாற்றை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்."

யார் ஒப்படைத்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கைத்தட்டலில் காதில் விழுந்திருக்காது.

பூவனேரிக்காரர்கள் தங்கள் அம்மன் கோயில் முந்நூறு வருஷத்துக் கோயில் என்றார்கள். காரைமேட்டுக்காரர்கள் தங்கள் ஊரில் பள்ளம் தோண்டியபோது முதுமக்கள் தாழி கிடைத்தது என்றார்கள். பூவனேரி, தாழிக்குள் இருந்தவரே தங்கள் ஊரிலிருந்து அங்கே பெண் கட்டிப் போனவர்தான் என்றது. காரைமேடு இன்னும் கீழே போயிற்று. தாழிக்கும் கீழே மணல், மணலுக்கும் கீழே களிமண், அதற்கும் கீழே கரி. கரி என்பது கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முந்தைய மரம் என்று கலைச்செல்வன் விளக்கியதுதான் தாமதம், அந்த மரமெல்லாம் எங்கள் ஊர் மரம் என்று இரண்டு பக்கமும் எழுந்து நின்றது. முதன்முதலில் இடம்பெயர்ந்தவை மரங்களே என்றும், அவற்றுக்கு இன்றுவரை மாற்றிடம் தரப்படவில்லை என்றும் மன்றம் வருத்தத்தோடு பதிவு செய்துகொண்டு, தேநீருக்காகக் கலைந்தது.

தேநீர் நேரத்தில்தான் அந்த வினை நடந்தது.

கூடத்துச் சுவரில் பெரிதாக்கி மாட்டிய ஒரு பழைய புகைப்படம் இருந்தது. சுரங்கம் தொடங்கிய காலத்தில் எடுத்தது. கோட்டு போட்ட வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் தரையைக் கையால் காட்டிக்கொண்டிருக்கிறார். அவரைச் சுற்றி அதிகாரிகள். ஓரத்தில் கோவணமும் தலைப்பாகையுமாக ஒரு ஆள், விருந்தாளிக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். குடையின் நிழல் விழுந்து அவர் முகம் தெரியவில்லை. படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாக எல்லோர் பெயரும் பதவியும் அச்சிட்டிருந்தது. கடைசியில் "மற்றும் ஒருவர்" என்று இருந்தது.

சிவக்குமார் பேப்பர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தான். "இது எங்க தாத்தா மாதிரி இருக்குதே" என்றான்.

தேநீர் முடிவதற்குள் "மாதிரி" காணாமல் போய்விட்டது. கலைச்செல்வன் பரபரப்போடு வந்து சிவக்குமாரின் கையிலிருந்த பேப்பர் கப்பை வாங்கிக்கொண்டு பீங்கான் கோப்பையைக் கொடுத்தார். மறுபடி கூடியபோது அவனை மேடையில் உட்கார வைத்து ராஜ்மோகன் பொன்னாடை போர்த்தினார். "வரலாற்றுக்கே குடை பிடித்தவரின் பேரன்!" என்று அறிவித்தார். குடை பிடித்தவர் ஊருக்கே நிழற்குடை என்பது இயற்கையின் நீதி என்றும், அடுத்த கூட்டத்தில் முறைப்படி தீர்மானம் என்றும் சொன்னார்.

கீழே உட்கார்ந்திருந்த இளவழகன் கை தட்டினான். தட்டின கை தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து சிவக்குமார் மாறிப்போனான். கான்ட்ராக்ட் பஸ்ஸில் அவனுக்கு ஜன்னலோர இடம் விட்டார்கள். சூப்பர்வைசர் ஒருவர் அவனை "வாங்க" என்று சொன்னதாகப் பெல்ட் முழுக்கப் பேச்சு. ஊர் வாட்ஸப் குழுவில் அவன் வணக்கம் போட்டால் எழுபது பேர் பதில் வணக்கம் போட்டார்கள். பேச்சில் செந்தமிழ் ஏற ஆரம்பித்தது. "சகல, இந்த மண்ணுக்கும் எங்க குடும்பத்துக்கும் ஒரு தொப்புள்கொடி உறவு இருக்குது" என்றான் ஒரு நாள், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே. உள்ளே இருந்தது அதே புளிச்சோறுதான். இளவழகனுக்கு அந்தப் புளிச்சோறுகூடத் தன்னுடையதைவிட உசத்தியாகத் தெரிந்தது.

வீட்டில் சத்யா வேறு.

"எங்கக்கா இன்னைக்கு இன்னா சொன்னா தெரியுமா? 'கம்பத்து நெழல நீயே வெச்சிக்க சத்யா, எங்களுக்குத்தான் நெழக்கொட வருதே'ன்னு சிரிச்சிக்கினு சொல்றா. கூடப் பொறந்தவ!"

"வுடு. படத்துல மூஞ்சே தெரியல. எவனோ ஒருத்தன்."

"எவனோ ஒருத்தன் அவங்க தாத்தாவா இருக்கிறான் இல்ல? ஒங்களுக்குந்தான் ஒரு தாத்தா இருந்தாரு. இருந்து இன்னா பண்ணாரு?"

இளவழகனின் தாத்தா உழைத்தார், செத்தார். அதை வைத்துக்கொண்டு பொன்னாடை வாங்க முடியாது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மன்றத்துக்குப் போனான். கலைச்செல்வன் அவனை உட்கார வைத்து விசாரித்தார்.

"உங்கள் தாத்தா சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தாரா?"

"நெலமே இல்லீங்க."

"சரி, கொடுக்க மறுத்தாரா? மறுத்தவர்களுக்கும் வரலாற்றில் இடமுண்டு."

"இல்லாத நெலத்த எப்பிடிங்க மறுக்கிறது?"

"போராட்டம்? ஊர்வலம்? கைது?"

"காலி பண்ணுன்னாங்க. பண்ணிட்டாருங்க."

"எதையாவது கேட்டாராவது?"

"கூலி வேல எங்க கெடைக்கும்னு கேட்டிருப்பாருங்க."

கலைச்செல்வன் பேனாவை மூடினார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. "தம்பி, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் தாத்தா மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். ஆயிரக்கணக்கில் இருப்பவர்கள் வரலாற்றில் வரமாட்டார்கள். மக்கள்தொகையில் வருவார்கள்."

இளவழகன் திரும்பும்போது அந்தப் படத்துக்கு முன்னால் நின்றான். குடை பிடித்த ஆளின் முகத்தில் இருட்டு. அந்த இருட்டுக்குள் யாரை வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது அவனுக்கு அப்போது விளங்கியது.

தீர்மானக் கூட்டத்தில் ராஜ்மோகன், "ஆட்சேபம் உண்டா?" என்று வழக்கத்துக்காகக் கேட்டார். இளவழகன் எழுந்து நின்றான். நாக்கு ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் சிவக்குமார் பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருப்பதைப் பார்த்ததும் நாக்கு தானாகப் பிரிந்தது.

"அது எங்க தாத்தாங்க."

படத்தைக் கையால் காட்டினான்.

"எடது கையால கொட புடிச்சிருக்காரு பாருங்க. எங்க தாத்தாவுக்கு எடது கைதான் வாட்டம். பூவனேரியில யாரை வேணா கேளுங்க."

யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. பூவனேரிக்காரர்கள் எல்லோருக்கும் அந்த இடது கை அந்த நிமிடமே ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கையால் அடி வாங்கியதாகக்கூட ஒருவர் சொன்னார். அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். சிவக்குமார் திரும்பி இளவழகனைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. வீடு புகுந்து திருடும் ஆளை, தெரிந்த ஆளாக இருக்கிறானே என்று பார்ப்பது போலப் பார்த்தான். இளவழகனுக்கு ஒரு கணம் கூசியது. ஆனால் வாரக்கணக்கில் எரிந்த வயிறு அன்றுதான் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிக்கு முன்னால் கூச்சம் நிற்கவில்லை.

மன்றம் மகிழ்ச்சியில் மிதந்தது. தீர்ந்துபோன வழக்கால் மன்றத்துக்கு என்ன பிரயோசனம்? கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டார்கள். குடையின் துணி எந்த ஊர்த் துணி என்று ஒரு கூட்டம். கோவணம் கட்டும் முறையில் பூவனேரிப் பாணி, காரைமேட்டுப் பாணி என்று உண்டா என ஒரு கூட்டம். மற்றும் ஒருவர் என்பதில் "மற்றும்" என்ற சொல்லின் பொருள் பற்றி ஒரு கூட்டம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நிமிட மௌனம்.

அக்காளும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். காலையில் மணிமொழி மேற்கு ஓரத்தில் நின்றாள், சத்யா கிழக்கு ஓரத்தில் நின்றாள். நடுவில் கம்பத்து நிழல் சும்மா கிடந்தது. அதில் போய் நின்றால் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமே!

கடைசியில் கலைச்செல்வன் ஒரு வழி கண்டுபிடித்தார். "முகம் பொய் சொல்லும். பெயர் பொய் சொல்லும். ஆனால் உடம்பு சொல்லாது. தாத்தாவின் நிற்கும் வாகு பேரனின் எலும்பில் இருக்கும். இருவரையும் குடை பிடிக்க விட்டுப் படத்தோடு ஒப்பிடுவோம்" என்றார். படத்தில் நிழல் குட்டையாக விழுந்திருந்ததால் உச்சி வெயிலில்தான் சோதனை நடக்க வேண்டும் என்றும் கண்டறிந்தார்கள். கத்திரி வெயில் தொடங்கியிருந்தது.

மன்றத்துக்குப் பின்னால் இருந்த திடலில் நடுவர்களுக்குப் பந்தல் போட்டார்கள். விருந்தாளி வேஷத்தில் ராஜ்மோகன் கோட்டு போட்டுக்கொண்டு திடலின் நடுவில் நின்று தரையைக் கையால் காட்டினார். அவருக்கு வலப்பக்கம் சிவக்குமார் ஒரு குடையோடு, இடப்பக்கம் இளவழகன் ஒரு குடையோடு. இரண்டு குடையும் ராஜ்மோகன் தலைமேல். இரண்டு சகலைகள் தலைமேலும் சூரியன்.

"அசையக் கூடாது. குடையை இறக்கினால் உரிமையும் இறங்கிவிடும்" என்றார் கலைச்செல்வன், பந்தலுக்குள்ளிருந்து மோரைக் குடித்துக்கொண்டே.

கை மரத்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. ராஜ்மோகன் முதுகுக்குப் பின்னால் சகலைகள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

"வுட்டுடு சகல, ஒனக்கு ரத்தக்கொதிப்பு இருக்குது" என்று சிவக்குமார் முணுமுணுத்தான்.

"ஒனக்குத்தான் தோள்பட்ட எறங்கியிருக்குது. நீ வுடு."

"இளவழகா, மெய்யா சொல்லு. அது ஒங்க தாத்தாவா?"

"ஒங்க தாத்தாவா?"

"பேசக் கூடாது! படத்தில் யாரும் பேசவில்லை!" என்று பந்தலிலிருந்து குரல் வந்தது.

அந்த நேரத்தில் காரைமேட்டு ஆள் ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் புழுதி பறக்கத் திடலுக்குள் வந்தார். "சிவா! பஸ்சுக்கு நின்னுக்கினு இருந்த ஒன் பொஞ்சாதி மயக்கம் போட்டு வுழுந்துட்டாப்பா!"

அன்று முந்திரிக் கம்பெனியில் மதியத்துக்கு மேல்தான் வேலை. பெண்கள் மதிய பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். பஸ் வரவில்லை.

சிவக்குமாரின் குடை ஆடியது. ஆனால் இறங்கவில்லை. அவன் இளவழகனைப் பார்த்தான். இளவழகனின் குடை அசையவில்லை. 'நீ இறக்கினால் நானும் இறக்குகிறேன்' என்பது இரண்டு பேர் கண்ணிலும் இருந்தது. முதலில் யார் என்பது மட்டும் இல்லை. மூச்சு இரண்டு வாங்கி விடும் நேரம் அப்படிப் போயிற்று. பிறகு சிவக்குமார் குடையை வீசிவிட்டு, வந்த வண்டியில் பின்னால் தாவி ஏறினான்.

இளவழகன் ஜெயித்துவிட்டான். நெஞ்சுக்குள் பனிக்கட்டி வைத்தது போல ஒரு சந்தோஷம் பரவியது. பந்தலில் நடுவர்கள் எழுந்து நின்றார்கள். ராஜ்மோகன் திரும்பி, "வாழ்த்துகள்" என்று சொல்ல வாய் திறந்தார். மணிமொழி நின்ற அதே வெயிலில்தான் சத்யாவும் நிற்கிறாள் என்பது அப்போதுதான் இளவழகனுக்கு உறைத்தது. அவன் கையிலிருந்து குடை நழுவியது. அவனும் ஓடினான். வண்டி இல்லாததால் சாலை நெடுக ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது மணிமொழி கண் விழித்திருந்தாள். கம்பத்தடியில் சத்யா தரையில் உட்கார்ந்து, அக்காள் தலையை மடியில் வைத்து, முந்தானையை விரித்து வெயிலை மறைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் இரண்டு ஊர்ப் பெண்களும் நெருக்கி நின்று நிழல் கட்டியிருந்தார்கள். சிவக்குமார் பக்கத்தில் குத்துக்காலிட்டு, மனைவிக்குப் பாட்டில் தண்ணீரைப் புகட்டினான்.

சத்யா தலை நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தாள். "எங்க போயிருந்தீங்க ரெண்டு பேரும்?"

"கொட புடிக்க" என்றான் சிவக்குமார்.

"யாருக்கு?"

"அவங்கள ஒன்னும் கேக்காத சத்யா. மொதல்ல என்னை எழுப்பி வுடு" என்றாள் மணிமொழி. அக்காள் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை அது, பல வாரங்களுக்குப் பிறகு.

திடலில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. இரண்டு குடையும் கீழே விழுந்ததும் உச்சி வெயில் ராஜ்மோகனின் வழுக்கைத் தலையில் நேராக இறங்கியது. வாழ்நாளில் அவர் தானாகக் குடை பிடித்ததில்லை. வேறு வழியில்லாமல் குனிந்து ஒரு குடையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். வலது கையில் கைக்குட்டை இருந்ததால் இடது கையால் பிடித்தார். குடையின் நிழல் அவர் முகத்தில் விழுந்தது. முகம் தெரியவில்லை.

பந்தலில் கலைச்செல்வன் படத்தைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். மோர் டம்ளர் கையிலிருந்து விழுந்தது. "ஐயா! அசையாதீர்கள்!" என்று அலறினார்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். ராஜ்மோகன் தழுதழுத்த குரலில் பேசினார்.

"எனக்கு இந்த மண்ணில் தாத்தா கிடையாது என்று முன்பு சொல்லியிருந்தேன். அது என் அடக்கம். தாத்தா இல்லாத மனிதன் இல்லை என்பது அறிவியல். என் தாத்தா கோயம்புத்தூரிலிருந்து அடிக்கடி வெளியூர் போவார். எங்கே போகிறார் என்று வீட்டில் சொல்லமாட்டார். ஏன் சொல்லவில்லை என்பது இன்றைக்கு எனக்குப் புரிகிறது. தன் சேவையை வெளியே சொல்லிக்கொள்ளாத தலைமுறை அது. நானும் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. ஆகவே மன்றத்தின் சார்பில் கலைச்செல்வன் சொல்வார்."

கலைச்செல்வன் சொன்னார். படத்துக்குக் கீழே "மற்றும் ஒருவர்" என்பதை அடித்துவிட்டு, "மன்றத் தலைவரின் பாட்டனார்" என்று எழுதினார்கள். பாட்டனாரின் பெயர் தேவையில்லை, உறவுமுறை போதும் என்று முடிவாயிற்று. குடை பிடித்தவரின் வாரிசு எங்கே அமர்ந்திருக்கிறாரோ அங்கேதான் நிழற்குடை என்று தீர்மானம் நிறைவேறியது. மன்றத்தின் வாசலில், கிரானைட் இருக்கையும் மின்விசிறியும் வைத்து, பளபளவென்று ஒரு நிழற்குடை எழுந்தது. அந்தச் சாலையில் எந்தப் பஸ்ஸும் நிற்பதில்லை. நின்றால் அமைதி கெடும் என்று மன்றமே முன்பு ஒருமுறை சொல்லியிருந்தது.

இளவழகனுக்கு இதில் ஒரு ரகசிய நிம்மதி. சிவக்குமாருக்கு இல்லை. தனக்கும் இல்லைதான், ஆனால் சிவக்குமாருக்கு இல்லை. நிழற்குடை திறந்த அன்றைக்கு அவன் அடித்துப்போட்டாற்போல் தூங்கினான்.

சத்யாவும் மணிமொழியும் தூங்குகிற ஆட்கள் இல்லை. மறுநாள் காலை சாப்பாட்டுத் தூக்கோடு இருவரும் சேர்ந்து மன்றத்து வாசலுக்கு நடந்தார்கள். கிரானைட்டில் உட்கார்ந்தார்கள். விசிறியைப் போட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பூவனேரிப் பெண்கள் வந்தார்கள், காரைமேட்டுப் பெண்கள் வந்தார்கள். பண்ருட்டி பஸ் வந்தபோது பத்துப் பதினைந்து பேர் சாலைக்கு நடுவில் இறங்கிக் கையைக் காட்டினார்கள்.

"இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா!" என்று கண்டக்டர் கத்தினார்.

"நெழலு எங்க இருக்குதோ அங்கதான்யா ஸ்டாப்பிங். ஏறுக்கா" என்றாள் சத்யா.

ஒரு வாரம் கண்டக்டர் கத்தினார். அடுத்த வாரம் அவரே விசில் ஊதினார். அதற்குள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பலாப்பழக் கூடைக்காரி, ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் என்று இடம் நிறைந்துவிட்டது. பஸ் நிறுத்தம் தானாக நடந்து மன்றத்து வாசலுக்கு வந்துவிட்டது. அதற்கு எவரும் வரலாறு கேட்கவில்லை.

மன்றம்தான் திண்டாடிப் போனது. பஸ் ஹாரன். முந்திரிப் பெண்களின் சிரிப்பு. கருவாட்டுக் குழம்பு வாசனை ஏ.சி. வழியாகக் கூடத்துக்குள் வந்தது. மறைந்த ஊர்களுக்காக ஒரு நிமிட மௌனம் அனுசரிக்கவே முடியவில்லை. மறைந்த ஊர்க்காரர்கள் வாசலில் அவ்வளவு சத்தம் போட்டார்கள்.

ஆகவே ஒரு நாள் ராஜ்மோகன் இளவழகனைத் தனியே கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். பீங்கான் கோப்பை வந்தது.

"இளவழகன், வரலாறு என்பது மறுபரிசீலனைக்கு உட்பட்டது. நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் படத்தில் இருப்பவர் ஒருவேளை உங்கள் தாத்தாவாகவே இருக்கலாம். நீங்கள் ஒரு வார்த்தை 'ஆமாம்' என்று சொன்னால் போதும். பாட்டனாரை விட்டுக்கொடுக்க நான் தயார். நிழற்குடையைப் பெயர்த்துப் பூவனேரிப் பக்கத்துக்கே கொண்டுபோய்விடலாம். உங்களுக்கு மேடை, பொன்னாடை, படத்துக்குக் கீழே உங்கள் தாத்தாவின் பெயர். முழுப் பெயர்."

இதற்காகத்தானே இத்தனை நாள்! அவன் தாத்தாவின் பெயரை இதுவரை எந்தச் சுவரும் பார்த்ததில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே சத்யாவும் மணிமொழியும் விசிறிக்கடியில் உட்கார்ந்து எதற்கோ தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெயர்த்த நிழற்குடை மறுபடி நடப்படும் என்று எந்த மடையனும் நம்பமாட்டான்; கம்பியை எந்தப் பக்கம் நடுவது என்று திரும்பவும் கூட்டம் போடுவார்கள்.

"இல்லீங்க. நான் அன்னைக்கு வயித்தெரிச்சல்ல சொன்னது. படத்துல இருக்கிறது உங்க தாத்தாதாங்க. அந்த மொழங்கையப் பாருங்க, அப்பிடியே நீங்கதான்" என்றான்.

ராஜ்மோகன் தன் முழங்கையைச் சோகமாகப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்தால் வராந்தாவில் சிவக்குமார் நின்றுகொண்டிருந்தான். அவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள்! இளவழகனுக்குத் திக்கென்றது. இவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? காரைமேட்டுக்குப் போய்விடுமே எல்லாம்! சிவக்குமார் உள்ளே போனதும் கதவில் காதை வைத்தான்.

அதே பேச்சு. அதே பாட்டனார். அதே முழுப் பெயர். பிறகு விசும்பல்.

"ஐயா! ஒங்க தாத்தாவப் போயி இத்தன நாளா எங்க தாத்தான்னு சொல்லிக்கினு திரிஞ்சிட்டேனே! அந்த ஆத்மா என்னை மன்னிக்குமாங்க? இனிமே அவர நான் சொந்தம் கொண்டாடுனா இந்த நாக்கு அழுவிப்பூடும்யா. அவரு ஒங்களுக்கே, ஒங்களுக்கே இருக்கட்டும்!"

இளவழகன் கதவிடுக்கில் பார்த்தான். சிவக்குமாரின் கன்னத்தில் நிஜமான கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ராஜ்மோகனும் கண் கலங்கி எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். கலைச்செல்வன் கைக்குட்டையை எடுத்தார். இனி அந்தப் பாட்டனாரிடமிருந்து ராஜ்மோகன் ஜென்மத்துக்கும் தப்ப முடியாது.

முழங்கை! போயும் போயும் முழங்கை என்று சொல்லித் தொலைத்தோமே என்று இளவழகன் தன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

சிவக்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். "நீ இன்னா சொன்ன சகல?"

"நானும் அதேதான்."

"அழுதியா?"

"இல்ல."

"நான் அழுதேன்" என்று சொல்லிவிட்டுச் சிவக்குமார் படி இறங்கிப் போனான்.

இளவழகன் அவனுக்குப் பத்தடி பின்னாலேயே நடந்தான். வழி நெடுகத் தாத்தாவை நினைத்துப் பார்த்தான், போன ஊரை நினைத்துப் பார்த்தான், கண்ணைக்கூடக் கசக்கிப் பார்த்தான். ஒரு சொட்டும் வரவில்லை.